மாணவர் மன்றத்துக்கு அங்கீகாரம்

மணப்பாட்டின் மணற்குன்றின்மேல் 1581-ஆம் ஆண்டு எழுந்த திருச்சிலுவை ஆலயத்தின் நிழலில், வலையும் வள்ளமுமே ஜீவனமாகக் கொண்ட குடும்பங்களிலிருந்து, வம்சத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் திருச்செந்தூருக்கும் தூத்துக்குடிக்கும் பஸ் ஏறுவதைக் காணும்போதெல்லாம், சென்னை ஐ.ஐ.டி.யில் நிகழ்ந்த ஒரு சம்பவம் என் நினைவுக்கு வருகிறது.

2014 ஏப்ரல் 14, அண்ணல் அம்பேத்கரின் ஜன்ம தினத்தன்று, ஜாதியையும் மொழியையும் பொருளாதாரத்தையும் பற்றி விவாதிக்கவென்று அங்கே மாணவர்கள் தொடங்கிய அம்பேத்கர்–பெரியார் படிப்பு வட்டத்தின் மீது, பெயரில்லாப் புகார்க் கடிதமொன்று மத்திய மனிதவள அமைச்சகத்துக்குச் சென்று, அங்கிருந்து கல்விக்கூடத்தை அடைய, 2015 மே மாதத்தில் அந்த வட்டத்தின் அங்கீகாரம் ரத்தாயிற்று. நாடெங்கும் ஆட்சேபம் எழுந்தது. ஜூன் 7-ஆம் தேதி அங்கீகாரம் மீண்டது.

அங்கீகாரம் இருந்தால்தான் கூட்டத்துக்கு அறை கிடைக்கும். அறிவிப்புப் பலகையில் துண்டுத்தாள் ஒட்டலாம். கல்விக்கூடத்தின் பெயரைப் பயன்படுத்தலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டு விதிகள் சமவாய்ப்புப் பிரிவையும், பாகுபாட்டைத் தடுக்க ஓர் அதிகாரியையும் விதித்திருப்பது மிக நல்லதே. ஆயினும், வகுப்பில் ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்கக் கூசிக் கடைசி பெஞ்சில் ஒடுங்கியிருக்கும் கடற்கரைப் பிள்ளை, தன் மனக்கஷ்டத்தை அதிகாரியின் மேஜைமுன் நின்று சொல்வதைக் காட்டிலும், மாலையில் கூடும் மன்றத்துச் சகமாணவனிடமே தாராளமாகச் சொல்லுவான். ஆகையால், கல்லூரிகள் திறக்கும் முதல் வாரத்திலேயே இத்தகைய மன்றங்களுக்கு அறையும் அனுமதியும் அளிக்குமாறு முதல்வர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.