பல்மானியும் வெப்பநிலையும்

பல்மானி, மின்வேலை செய்வோரின் கையில் என்றும் இருக்கும் கருவி. மின்னழுத்தம், மின்னோட்டம், தடை ஆகியவற்றை அளப்பதே அதன் தொழில். ஆயினும், இக்காலப் பல்மானிகள் பல வெப்பநிலையையும் காட்டுகின்றன. மின்னை அளக்கப் பிறந்த கருவி சூட்டை எங்ஙனம் அளக்கின்றது?

விடையின் வேர் 1821ஆம் ஆண்டிலே உள்ளது. தோமஸ் சீபெக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவேறு உலோகங்களை இரண்டு முனைகளிலும் பொருத்திச் சுற்றாக்கி, ஒரு முனையை மட்டும் சூடாக்கினார். அருகிலிருந்த திசைகாட்டியின் ஊசி திரும்பியது. வெப்பம் காந்தத்தைப் பிறப்பித்ததென்றே அவர் கருதினார். உண்மையிற் பிறந்தது மின்னோட்டம். அதுவே ஊசியைத் திருப்பியது.

இத்தகைய உலோக இணைக்கு வெப்பவிணை என்பது பெயர். பல்மானியோடு வருவது பெரும்பாலும் ‘கே’ வகை. நிக்கலும் குறோமியமும் கலந்த கம்பி ஒன்றும், நிக்கலும் அலுமினியமும் கலந்த கம்பி ஒன்றும் நுனியில் ஒன்றாக உருக்கி இணைக்கப்பட்டிருக்கும். இரு முனைகளுக்குமிடையே ஒவ்வொரு செல்சியசுப் பாகை வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ 41 மைக்குரோவோல்ற்று மின்னழுத்தம் எழும்.

‘வேறுபாடு’ என்னும் சொல்லை நேயர்கள் மனத்திற் பதித்தல் வேண்டும். வெப்பநிலை அளவை இல்லாத பல்மானியை மில்லிவோல்ற்றுக்குத் திருப்பி, மாணவன் ஒருவன் கம்பியின் நுனியைக் கொதிநீரில் அமிழ்த்துகின்றான் என்க. அறையின் வெப்பநிலை 30 பாகை. கருவி ஏறத்தாழ 2.9 மில்லிவோல்ற்று காட்டும். கணக்கிட்டால் 70 பாகை வரும். நீர் 70 பாகையிற் கொதிக்குமா? கொதியாது. கருவியும் பொய் சொல்லவில்லை. கொதிநீருக்கும் அறைக்கும் உள்ள வேறுபாட்டையே அது சொன்னது. அறையின் 30 பாகையைக் கூட்டினால் 100 வந்துவிடும்.

வெப்பநிலை காட்டும் பல்மானியோ, கம்பி செருகப்படும் இடத்தின் சூட்டைத் தன்னுள்ளிருக்கும் உணரியால் அறிந்து, தானே கூட்டிக்கொள்கின்றது. ஆதலின், வெயிலிற் கிடந்த கருவியை நிழலுக்குக் கொணர்ந்தவுடன் அளத்தல் தகாது. சற்று ஆறவிடல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. பொதுத்தரமான ‘கே’ வகைக் கம்பியில் 2.2 பாகை வரை பிழை நேரலாம். கொதிக்கும் எண்ணெய்க்கு அது பொருட்டன்று. குழந்தையின் காய்ச்சலுக்கோ அது பெரும் பிழை. 37 பாகை நலம், 39 பாகை நோய். அங்கே மருத்துவ வெப்பமானியே துணை.

எண்ணைப் படித்தல் மட்டும் அளத்தலாகாது. அவ்வெண் எதிலிருந்து அளக்கப்பட்டது, எவ்வளவு பிழைக்கு இடந்தருவது என்பவற்றையும் அறிந்தவனே அளந்தவன் ஆவான்.