மிஷின் காட்டும் கலோரி
(அறக்கட்டளையின் நீரிழிவு விழிப்புணர்வுக் கூட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆற்றிய உரை)

 

என் வாப்பாவின் கதையிலிருந்து தொடங்குகிறேன். சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

வாப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஒரு டிரெட்மில் வாங்கி அனுப்பினான். சுபுஹு தொழுதுவிட்டு வந்து தினமும் 40 நிமிடம் நடப்பார். இறங்கும்போது மிஷினில் 220 என்று காட்டும். நேரே சாப்பாட்டு மேசைக்கு வந்து, "இருநூத்தி இருபது எரிச்சாச்சு, இன்னொரு பரோட்டா வை" என்பார். உம்மாவும் வைத்துவிடுவார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது. ஹெச்பிஏ1சி 7.2-லிருந்து 8.1 ஆகியிருந்தது. "நடந்தும் ஏறுதே, இந்த மாத்திரை சரியில்ல" என்று மாத்திரையை நிறுத்தப் போனார். அப்போதுதான் நான் அந்த மிஷினை உட்கார்ந்து பார்த்தேன்.

அது அவருடைய எடையைக் கேட்கவே இல்லை. யாரோ ஒரு ஆளை மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறது. வாப்பாவின் எடை 62 கிலோ.

இந்தக் கணக்கை நாமே போடலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பு ஒரு கிலோ எடைக்கு, ஒரு மணி நேரத்துக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவழிக்கிறது. இதை 1 மெட் என்பார்கள். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் நடந்தால் சுமார் 3 மெட், 5 கிலோமீட்டர் என்றால் சுமார் மூன்றரை, 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 8-க்கு மேல். மெட்டை எடையால் பெருக்கி, மணி நேரத்தால் பெருக்கினால் கலோரி வரும்.

வாப்பா மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில்தான் நடந்தார். மூன்றை 62-ஆல் பெருக்கி, 40 நிமிடத்துக்கு எடுத்தால் 124. அதிலும் ஒரு பங்கு, சோபாவில் சாய்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். அதைக் கழித்தால் நடந்ததற்கென்று கிடைப்பது 83 மட்டுமே. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. பரோட்டாவில் எத்தனை கரண்டி எண்ணெய் என்பதை, வீசுகிறவரைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாலே தெரியும்.

அந்த 83-உம் முழுசாக இல்லை. வாப்பா கைப்பிடியில் சாய்ந்துகொண்டுதான் நடப்பார். பாரத்தைக் கை தாங்கினால் கால் உழைக்கும் உழைப்பு குறையும், மிஷினுக்கு அது தெரியாது. அதற்காக வயதானவர்கள் கைப்பிடியை விட்டுவிட வேண்டாம். விழுந்து இடுப்பு எலும்பு முறிவதைவிடப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பது மேல்.

கையில் வாட்ச் கட்டியிருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு வகை வாட்ச்களை 60 பேர் கையில் கட்டிச் சோதித்தார்கள். நாடித்துடிப்பைப் பெரும்பாலும் சரியாகவே காட்டின. கலோரியில் மட்டும், இருப்பதிலேயே நல்ல வாட்ச்கூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம்.

இன்னொன்று. இந்த வாட்ச்கள் நாடித்துடிப்பை வைத்தும் கலோரியைக் கணிக்கின்றன. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மெட்டோபுரோலால், அடெனோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி அவ்வளவாக ஏறாது. அந்த எண்ணை ஏற்றுவதற்காக வேகத்தைக் கூட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். நெஞ்சில் அழுத்தம் வந்தால் அந்த இடத்திலேயே நின்று உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

இதற்கு நேர்மாறாக, எரிந்த கலோரி வீணாகிவிடுமே என்று நடந்தபின் சாப்பிடாமல் இருப்பவர்களும் உண்டு. இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்கள் இதைச் செய்யவே கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். நடக்கப் போகும்போது சட்டைப் பையில் கொஞ்சம் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். எப்போது, எவ்வளவு சாப்பிடுவது என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

அப்படியானால் நடப்பதே வீணா என்று வாப்பாவும் கேட்டார். இல்லை. நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன, அதன்பின் பல மணி நேரம் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. அந்தப் பலன் கலோரிக் கணக்கில் வராது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வதும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு என்றுதான், கலோரி அளவில் சொல்லவில்லை. பெண்கள் மொட்டை மாடியில் நடந்தாலும் கணக்கில் சேரும்.

இப்போது வாப்பாவின் மிஷினில் கலோரி காட்டும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். நிமிடம் மட்டும் தெரியும். பரோட்டா வாரத்துக்கு ஒரு நாள் என்று உம்மா முடிவு செய்துவிட்டார். அடுத்த பரிசோதனையில் 7.4 வந்தது. மாத்திரையை நிறுத்தவில்லை.

வாட்ச் கட்டியிருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். எடையும் வயதும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்துத் தருகிறேன்.