கிங்ஸ்ஃபர்டைப் படிக்கிறோமா, மெய்ட்லண்டைப் படிக்கிறோமா?

இந்த நாற்காலியில் எனக்கு முன் அமர்ந்தவர்களை நினைத்தால் கொஞ்சம் உதறலாகத்தான் இருக்கிறது. மாநாட்டுப் பொருள் 'விக்டோரியா கால மெய்ஞ்ஞானமும் சமய நிறுவனங்களும்'. அதன் முழு வீச்சையும் பிற்பகல் அமர்வுகள் பார்த்துக்கொள்ளும். நான் நேரே அன்னா கிங்ஸ்ஃபர்டிடம் போகிறேன்.

1846இல் பிறந்து 1888இல் மறைந்த அவர், ஆங்கிலிக்கப் பாதிரியாரை மணந்தும் கத்தோலிக்கத்தைத் தழுவியவர், பாரிஸில் படித்த மருத்துவர், கனவில் கண்டதை நூலாக்கியவர். அவரது உள்வாழ்வைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி ஒரே வாசல் வழியாக வந்தது: அவருடைய தோழர் எட்வர்டு மெய்ட்லண்ட் 1896இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட வாழ்க்கை வரலாறு. அதை எழுதியபின் மூல நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் அவர் அழித்துவிட்டார். சரிபார்க்க வழியில்லாத சாட்சியை நாம் அரை நூற்றாண்டாக அடிக்குறிப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

விலங்குகளை உயிரோடு அறுத்துச் சோதித்த கிளாட் பெர்னார்டையும் பால் பெர்டையும் தம் மன வலிமையால் கொன்றதாகக் கிங்ஸ்ஃபர்ட் நம்பினார் என்ற கதை உங்களுக்குத் தெரியும். அந்த நம்பிக்கை அவருக்கு இருந்திருக்கலாம். ஆனால் அதை எந்த அளவில், எந்தச் சூழலில் சொன்னார் என்பதை மெய்ட்லண்ட் தேர்ந்தெடுத்துத் தந்த பகுதிகளைக் கொண்டு தீர்ப்பெழுதிவிட முடியுமா? என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் இந்தக் கதையின் மேல் ஒரு நூலையே கட்டியிருக்கிறார். கட்டடம் அழகானது; அஸ்திவாரத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

மெய்ட்லண்டின் வாழ்க்கை வரலாற்றுக்கு வெகுமுன்பே, கிங்ஸ்ஃபர்ட் தம் பெயரிலேயே அச்சேற்றிய ஒன்று இருக்கிறது: மனிதனுக்குரிய தாவர உணவு பற்றி 1880இல் பாரிஸ் மருத்துவப் பட்டத்துக்கு அளித்த ஆய்வேடு. மறு ஆண்டே ஆங்கிலத்திலும் வந்தது. விலங்குச் சோதனையே பாடமாக இருந்த இடத்தில், எந்த விலங்கையும் அறுக்காமல் பட்டம் பெற்றவர் எழுதியது. "அதில் ஞானம் எங்கே இருக்கிறது?" என்று அதே நண்பர் கேட்டார். 1882இல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்த 'தி பெர்ஃபெக்ட் வே' நூலைப் புரட்டுங்கள். புலால் உண்ணும் உடலில் உள்ளுணர்வு தெளியாது என்று அது அடித்துச் சொல்கிறது. ஆய்வேட்டில் உடற்கூறாக இருந்த வாதம் இங்கே தியானத்தின் முன்நிபந்தனையாகிறது. இரண்டையும் பிரித்துப் படித்தால் பாதி கிங்ஸ்ஃபர்டுதான் மிஞ்சுவார்.

நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. 'தி பெர்ஃபெக்ட் வே' வந்த ஆண்டே, சென்னையில் வாழ்ந்த தி. சுப்பாராவ், தியாசஃபிக்கல் சொசைட்டியின் 'தியாசஃபிஸ்ட்' இதழில் அதை அலசினார். நூலாசிரியர்களான கிங்ஸ்ஃபர்டும் மெய்ட்லண்டும் பதிலும் எழுதினார்கள். பின்னர் அந்தச் சொசைட்டியின் லண்டன் கிளைக்குத் தலைவராகிய கிங்ஸ்ஃபர்ட், அதே கிளையின் சின்னெட் பரப்பிய, 'மகாத்மாக்கள்' எனப்பட்ட மறைகுருமாரின் போதனைகளை எதிர்த்துக் கிறித்தவ மறைஞானத்துக்கு இடம் கேட்டபோது, சொசைட்டியின் தலைமையகமான சென்னை அடையாறிலிருந்தும் மறுப்பு போனது. அந்த விவாதத்திலும் மெய்ட்லண்டின் கை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது கிங்ஸ்ஃபர்ட் உயிரோடிருந்து மறுத்துப் பேச முடிந்த காலத்து அச்சு. அதை விட்டுவிட்டு 1896க்குத் தாவுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். மெய்ட்லண்டிலிருந்து மேற்கோள் காட்டும்போது "கிங்ஸ்ஃபர்ட் எழுதுகிறார்" என்று தொடங்காதீர்கள். "மெய்ட்லண்ட் தருகிறபடி" என்று சொல்லுங்கள். முதல் கட்டுரையாளர் என் நண்பர்தான். அவரை மேடைக்கு அழைக்கிறேன்.