கொழுந்து லொறியின் ஸ்டியரிங் ஆட்டம்

(உடப்புசல்லாவையில் நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் லொறிச் சாரதி ஒருவர் பேசியது)



சம்பளத்தைப் பற்றி முன்னால் பேசிவிட்டார்கள். நான் லொறியைப் பற்றிப் பேசுகிறேன். காலையில் ஆளை ஏற்றுவதும் அதுதான், பின்னேரம் கொழுந்து ஏற்றுவதும் அதுதான். இராகலை ரோட்டு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சில்லு அந்த நொடியே திரும்ப வேண்டும்.

லொறியை மட்டமான இடத்தில் நிறுத்தி, முன் சில்லை நேராக வைத்து, ஸ்டியரிங்கை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சின் ஓடவேண்டும். ஸ்டியரிங் வளையம் 2 அங்குலத்துக்கு மேல் சும்மா போனால் எங்கோ தேய்ந்திருக்கிறது. ஒருவர் ஆட்ட, ஒருவர் கீழே பார்க்கவேண்டும். மேல் தண்டு திரும்பியும் பெட்டிக்கு வெளியே உள்ள கை அசையாவிட்டால் பெட்டியில் கோளாறு. கை அசைந்தும் கம்பி பிந்தி அசைந்தால் நடுவிலுள்ள போல் ஜொயின்ட் போய்விட்டது.

குழியில் விழுந்ததும் முன் சில்லு படபடவென்று அடிக்கிறதா? பின் சில்லுக்குக் கட்டை போட்டு, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்குக் கீழே பலமான முட்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். டயருக்கு அடியில் அலவாங்கை விட்டு நெம்புங்கள். மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். இரண்டும் சரியென்றால் டயர், ரிம், யூ போல்ட்டைப் பாருங்கள். கிங் பின்னுக்கு கிரீஸ் அடிப்பதும் அச்சைத் தூக்கி வைத்துத்தான். பாரம் அழுத்தும்போது கிரீஸ் எல்லா இடத்துக்கும் போகாது.

அநேகர் செய்வது, பெட்டியின் ஸ்குரூவை இறுக்கிவிடுவது. நானும் ஒருகாலத்தில் செய்தேன். நேர் ரோட்டில் நன்றாக இருக்கும். பெட்டி அதிகம் தேய்வது நடுவில்தான். அதற்கு இறுக்கினால் வளைவில் பிடித்துக்கொள்ளும், திருப்பிய ஸ்டியரிங் மீளாது. எங்கள் மலையில் அதைவிட ஆபத்து வேறில்லை.

இதை ஏன் சங்கத்தில் சொல்கிறேன்? “கொழுந்து வாடுது, இன்றைக்கு மட்டும் ஓட்டு” என்று சொல்லும்போது சாரதி தனியாள். விபத்து நடந்தால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது, ஆனால் அது விழுந்த பிறகு. அதற்கு முன்பே எழுத்தில் கொடுங்கள்: திகதி, லொறி இலக்கம், எத்தனை அங்குலம் ஆட்டம். ஒரு பிரதி தோட்டத் தலைவரிடம் இருக்கட்டும். திருத்தும்வரை அந்த லொறியில் ஆள் ஏறவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் முற்றத்தில் நம் லொறியைத் தூக்கிப் பார்க்கப்போகிறோம். தாய்மார்களும் வாருங்கள். ஏறிப் போகிறவர்கள் நீங்கள்தானே.