கடல் புகுந்த நிலையம்: அழிவும் மீட்டமைப்பும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



‘அழிவும் ஆக்கமும்’ என்னும் பொதுத்தலைப்பில் என்னைப் பேசப் பணித்துள்ளீர்கள். தமிழ் கற்பிப்பவள் என்பதால் காப்பியம் ஒன்றை எடுத்துக்கொள்வேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ நியூயார்க்கு நகரின் ஒரு சுரங்கத் தொடர்வண்டி நிலையம். இலக்கிய மேடையில் இதற்கு என்ன வேலை என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு முதலில் விடை கூறிவிடுகிறேன்.

‘கடல்கோள்’ என்னும் சொல் நமக்குப் புதியதன்று. இறையனார் களவியலுரை முச்சங்க வரலாற்றைக் கூறுமிடத்துக் கடல் கொண்ட நகரங்களைப் பேசுகிறது. அந்த இழப்பைக் குறித்து நாம் நிறையவே எழுதியிருக்கிறோம்; ஏங்கியும் இருக்கிறோம். ஆயின், கடல் வடிந்த மறுநாட்காலை அங்கே எஞ்சியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று நம் மரபு சொல்லவில்லை. எதை முதலில் எடுத்தார்கள்? எதைக் கைவிட்டார்கள்? அதே இடத்தில் மீண்டும் கட்டினார்களா? ‘கடல் கொண்டது’ என்ற சொற்களோடு கதை முடிந்துவிடுகிறது. அந்த மறுநாளின் கதையை நாள் தேதியோடு அறிய வாய்ப்பளிக்கும் ஓர் அண்மைக்காலச் சான்று என்பதனாலேயே இந்நிலையத்தைத் தேர்ந்தேன்.

இடமும் வரலாறும்

மன்ஹாட்டன் தீவின் தென்கோடியில், ஸ்டேட்டன் தீவுக்குச் செல்லும் பயணியர் படகுத்துறையை அடுத்து அமைந்துள்ளது சவுத் ஃபெர்ரி நிலையம். பெயருக்குத் தென் தோணித்துறை என்று பொருள் கொள்ளலாம். தீவிலிருந்து படகில் வந்திறங்கி, நகரின் பணியிடங்களை நோக்கி விரைவோர்க்கு அது ஒரு வாயில்.

நியூயார்க்கின் சுரங்கத் தொடர்வண்டி 1904 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1905 ஜூலையில், இங்கே பழைய நிலையம் திறக்கப்பெற்றது. வண்டி வந்த வழியே திரும்பிச் செல்வதற்கான கூர்மையான வளைவின்மேல் அமைந்த நிலையம் அது. பத்துப் பெட்டிகள் கொண்ட வண்டியில் முதல் ஐந்து பெட்டிகளின் கதவுகள் மட்டுமே அங்குத் திறக்க இயலும். பின்பெட்டிகளில் இருப்போர் முன்னே நடந்து வந்துதான் இறங்க வேண்டும். வளைவின் காரணமாக மேடைக்கும் வண்டிக்கும் இடையே விழும் இடைவெளியை அடைக்க, வண்டி நின்றதும் நீளும் இரும்புத் தட்டுகளை அமைத்திருந்தனர்.

இக்குறைகளை நீக்க, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின்னர்க் கீழ் மன்ஹாட்டனைச் சீரமைக்கக் கூட்டரசு வழங்கிய நிதியின் துணையோடு புதிய நிலையம் ஒன்றைக் கட்டினர். ஐம்பது கோடி டாலருக்கு மேற்பட்ட செலவில் எழுந்த அந்நிலையம் 2009 மார்ச் 16 அன்று திறக்கப்பட்டது. பத்துப் பெட்டிகளும் நிற்கும் மேடை, மின்படிகள், மின்தூக்கிகள், வேறொரு தடத்தின் நிலையத்திற்குச் செல்லும் இணைப்பு வழி என வசதிகள் பலவும் நிறைந்திருந்தன. அன்றோடு பழைய நிலையத்தின் பணி முடிந்ததென்றே எல்லாரும் எண்ணினர்.

இங்கே ஒரு செய்தியை நினைவிற் கொள்ள வேண்டும். புதிய நிலையத்திற்காக நிலத்தைத் தோண்டியபோது, 2005-ஆம் ஆண்டில், குடியேற்றக் காலத்துக் கோட்டைக் கற்சுவர் ஒன்று மண்ணுக்கடியில் வெளிப்பட்டது. ஒரு காலத்தில் அது நீர்விளிம்பைக் காத்து நின்ற சுவர். அருகிலுள்ள கிளிண்டன் கோட்டை 1811-இல் கட்டி முடிக்கப்பட்டபோது கரையிலிருந்து விலகி நீருக்குள் நின்றது; இன்று அது பூங்காவிற்குள் நிற்கிறது. இடையிலிருந்த நீர்ப்பரப்பை மண்ணிட்டு நிரப்பிக் கரையாக்கிவிட்டனர். ஆகவே இங்கு எது நிலம், எது கடல் என்பது மனிதர் வரைந்த எல்லை. தோண்டியவர்கள் கண்ட கற்சுவர் இதைத்தான் சொல்லிற்று. அதைத் தொல்பொருளாகப் போற்றிக் காத்தனர். எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கடல் புகுந்த இரவு

2012 அக்டோபர் 29. முழுநிலா நாள். சாண்டி புயல் கரையை நெருங்கிய நேரமும் கடல் ஏற்றத்தின் நேரமும் ஒன்றாயின. மன்ஹாட்டனின் தென்முனையில் நீர்மட்டம், தாழ்நீர் நிலையிலிருந்து கணக்கிட, ஏறத்தாழ 14 அடி உயர்ந்தது. நிலையத்தின் வாயில்களில் மரப்பலகைகளையும் மணல் மூட்டைகளையும் கொண்டு தடுப்பு அமைத்திருந்தனர். கடல் அவற்றைப் பெயர்த்தெறிந்து உள்ளே இறங்கியது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி காலன் உப்புநீர் மேடையையும் தண்டவாளத்தையும் மூழ்கடித்து, மேல்தளம் வரை நிறைந்தது.

ஒன்றைப் பாராட்டிச் சொல்ல வேண்டும். முன்நாள் மாலையே தொடர்வண்டிச் சேவை முழுவதையும் நிறுத்தி, பெட்டிகளை மேட்டுப்பாங்கான இடங்களுக்குக் கொண்டு சென்றிருந்தனர். அதனால் வண்டிகளுள் பெரும்பாலானவை தப்பின. சுரங்கத்தில் எவரும் சிக்கவில்லை. எனினும் நகரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் அப்புயலில் உயிரிழந்தனர். கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களை மறந்துவிடலாகாது.

உப்பின் வேலை

மழைநீர் புகுந்த இடத்தை உலர்த்தி மீண்டும் பயன்படுத்த ஓரளவேனும் இயலும். கடல்நீர் அப்படிப்பட்டதன்று. நீரை இறைத்தாலும் உப்பு தங்கிவிடுகிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கிறது. இரும்பையும் செம்பையும் அரிக்கிறது. செல்லக்கூடாத வழியில் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. வண்டியோட்டத்தை நெறிப்படுத்தும் சைகைக் கருவிகள், மின்மாற்று அமைப்புகள், கம்பிவடங்கள், மின்படிகள் அனைத்தும் இவ்வாறு பாழாயின. வெளிப்பார்வைக்கு நன்றாகத் தோன்றும் கருவி சில மாதங்கள் கழித்துச் செயலிழக்கும். ஆகவே ஏறக்குறைய வெற்றுக் கூடாகும்வரை உள்ளே இருந்தவற்றைக் கழற்றி எடுத்துவிட்டு, மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

பழையது கைகொடுத்தது

தொடர்வண்டி சற்று வடக்கிலுள்ள நிலையத்தோடு நின்றுவிட, படகில் வந்தோர் நாள்தோறும் அவ்வளவு தொலைவும் நடந்தனர். அப்போது நிருவாகத்தினர் ஒரு முடிவு செய்தனர். 2009-இல் மூடிய பழைய வளைவு நிலையத்தையே தூய்மை செய்து, 2013 ஏப்ரல் 4 அன்று திறந்தனர். பயன்பாட்டிலிருந்து நீக்கிய நிலையம் ஒன்றை மீண்டும் பணிக்கு அழைத்தது அந்நகரம். ஐந்து பெட்டிகள் மட்டும் நிற்கும் அந்தக் குறுகிய மேடை, நீளும் இரும்புத் தட்டுகள், வளைவில் உராயும் சக்கரங்களின் கிறீச்சொலி, எல்லாம் திரும்பி வந்தன. நான்கு ஆண்டுகளுக்கு மேல் அந்நிலையமே மக்களைச் சுமந்தது.

புதியதைக் கட்டியபோது பழையதை இடிக்காமல் விட்டது எத்துணைப் பேருதவியாயிற்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். புதுமை வந்தவுடன் பழையதை வேரோடு பிடுங்கும் பழக்கம் கட்டடக்கலையில் மட்டும் இருப்பதன்று. கல்வியிலும் மொழியிலும் அது உண்டு.

மீட்டமைத்த நிலையம்

புதிய நிலையம் 2017 ஜூன் 27 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. மீட்டமைக்கும் பணிக்கு முப்பது கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. காலக்கணக்கைச் சற்றே நோக்குங்கள். அந்நிலையம் முதன்முறை மக்களுக்குப் பயன்பட்டது மூன்று ஆண்டு ஏழு மாதம். மூடிக் கிடந்தது நான்கு ஆண்டு எட்டு மாதம். உழைத்த காலத்தைவிட உறங்கிய காலம் மிகுதி.

இம்முறை வாயில்களில் வெள்ளத்தைத் தடுக்கும் வலிய கதவுகளைப் பொருத்தினர். காற்றுப் போக்கிகள், ஆள்நுழை குழிகள், கம்பிவடத் துளைகள் ஆகிய சிறு திறப்புகளையும் அடைக்க வழி செய்தனர். சுவர்களில் நீர் கசியும் இடங்களைக் கண்டறிந்து மூடினர். கடல் பெருவாயிலின் வழியாக மட்டும் வருவதில்லை, கண்ணுக்குத் தெரியாத துளைகளின் வழியாகவும் வரும் என்னும் பாடம் அங்கே படிந்திருக்கிறது.

அந்நிலையத்தில் ஸ்டார்ன் என்னும் இரட்டைச் சகோதரர்கள் படைத்த கலைச்சுவர் ஒன்று உண்டு. கிளைத்துப் பரந்த மரங்களின் நிழலுருக்கள் கண்ணாடியில் பதிந்துள்ளன. அதனுடன் மன்ஹாட்டனின் 1640-ஆம் ஆண்டு நில அமைப்பைக் காட்டும் வரைபடமும் இடம்பெற்றுள்ளது. கரை முன்பு எங்கிருந்தது என்று பயணிக்கு அறிவிக்கும் கலை, கடல் புகுந்த இடத்திலேயே இருப்பது பொருத்தமாகவே படுகிறது.

மூன்று சொற்கள்

தமிழில் செப்பனிடுதல், புதுப்பித்தல், மீட்டமைத்தல் என்னும் மூன்று சொற்களையும் நாம் ஒன்றுபோலவே வழங்குகிறோம். அவற்றைப் பிரித்தாளலாம் என்பது என் கருத்து. பழுதானதை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருவது செப்பனிடுதல். பழையதற்குப் புதிய தோற்றம் தருவது புதுப்பித்தல். எதனால் அழிந்தது என்பதை உணர்ந்து, அவ்வுணர்வையும் சேர்த்துக் கட்டுவதே மீட்டமைத்தல். இந்த அளவுகோலால் நோக்கினால், 2009-இல் நடந்தது வசதியைப் பெருக்கிய ஆக்கம். 2017-இல் நடந்ததே மீட்டமைப்பு.

அதே இடத்தில் இத்துணைப் பொருட்செலவில் மீண்டும் கட்டத்தான் வேண்டுமா, பழைய நிலையமே போதாதா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. நாள்தோறும் படகில் வரும் தொழிலாளர்க்கும் ஊழியர்க்கும் அது ஒரு வாயில் என்பதும், வளைவு மேடையில் மின்தூக்கி இன்றி முதியோரும் உடற்குறை உடையோரும் பட்ட துன்பமும் எனக்கு மீட்டமைப்பின் பக்கமே வலுவான காரணங்களாகத் தோன்றுகின்றன. ஆனால் கதவுகளைப் பொருத்தியதோடு கடமை முடிந்தது என்று கருதினால் அது பிழையாகும்.

2021 செப்டம்பர் 1 அன்று ஐடா புயலின் எச்சம் அந்நகரில் ஒரே மணி நேரத்தில் மூன்று அங்குலத்திற்கு மேல் மழையைக் கொட்டியது. இம்முறை நீர் கடலிலிருந்து வரவில்லை, வானிலிருந்து வந்தது. பல நிலையங்களின் படிகள் அருவிகளாயின. நகரில் உயிரிழந்தோருள் பெரும்பாலோர் நிலவறை வீடுகளில் குடியிருந்த எளியோர். நிலையத்திற்குக் கதவு போட்ட நகரம், நிலவறை வீடுகளுக்கு என்ன செய்தது? மீட்டமைப்பின் நேர்மையை அளக்கும் கேள்வி இதுவே.

நம் நகரங்களுக்கு

சவுத் ஃபெர்ரி மீண்டும் திறந்த அதே 2017-ஆம் ஆண்டில், அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னர், மே 14 அன்று, சென்னையில் முதல் சுரங்க மெட்ரோ தடம் ஓடத் தொடங்கியது. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டு ஒன்றரை ஆண்டு கூட நிறையாத நகரம் அது, கடலோர நகரமும்கூட. ஆதலால் நியூயார்க்கின் பாடத்தை அயலார் கதை என்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. ஏரியை வெட்டியவன் புகழோடு நிறுத்தாமல், அதை ஆண்டுதோறும் பேணுவதற்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் கல்லில் பொறித்தனர் பத்தாம் நூற்றாண்டினர். நாமோ திறப்பு விழாக் கல்லில் திறந்து வைத்தவர் பெயரையும் நாளையும் மட்டும் பொறிக்கிறோம். எவ்வளவு உயரத்து வெள்ளத்தைத் தாங்க இக்கட்டடம் அமைக்கப்பட்டது, அதைப் பேணும் பொறுப்பு எவருடையது என்பவற்றையும் அக்கல்லில் பொறிக்க வேண்டும் என்பது இந்த அவையின் வழியாக நான் விடுக்கும் வேண்டுகோள். அந்தக் கல்லைப் படிக்கும் மக்கள் கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்கும் மக்களுக்காகத்தான் கதவுகள் எண்ணெயிட்டுப் பேணப்படும்.

நிறைவாக

எழுத்தைக் காத்தவர்களும் இதையே செய்தார்கள். ஓலைச்சுவடி தானாக வாழ்வதில்லை. ஒரு தலைமுறை படியெடுத்ததை அடுத்த தலைமுறை மீண்டும் படியெடுத்ததாலேயே நமக்குச் சங்க நூல்கள் கிடைத்தன. படியெடுத்தவர்களுள் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. சவுத் ஃபெர்ரியில் உப்பேறிய கம்பிவடங்களைக் கழற்றிச் சுமந்தவர்களின் பெயர்களும் அப்படியே. ஆக்கம் என்று நாம் கொண்டாடுவதன் பெரும்பகுதி இவ்வாறு பெயரறியாதவர்களின் பேணுதல்.

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் நாற்காலி அடுக்கியவர்களும், அழைப்பிதழ் எழுதியவர்களும், வரவு செலவு பார்த்தவர்களும் அவ்வரிசையினரே. இம்மலரில் அவர்களுக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.