கட்டளையின்றிப் பிறக்கும் ஒழுங்கு



வாகரைக் கரையிலே அலை நனைத்துச் சென்ற மணலில் கால் ஊன்றினால், பாதத்தைச் சுற்றியுள்ள மணல் ஒரு கணம் உலர்ந்தாற்போல வெளுக்கும். அழுத்தினால் நீர் மேலே கசியவேண்டும் அல்லவா? உள்ளே இறங்குகின்றதே, ஏன்? 1885ஆம் ஆண்டில் மான்செஸ்டர்ப் பேராசிரியர் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதனை விளக்கினார். நெருங்கிக் கிடக்கும் மணிகள் ஒன்றையொன்று கடந்து நகரவேண்டுமாயின், சற்று விலகியே ஆகவேண்டும். அதனால் இடைவெளி பெருகுகின்றது; மேலே நின்ற நீர் அதனுட் புகுகின்றது.

மணல்மணிகளுக்குள்ளே உறவுமில்லை, பகையுமில்லை. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று இருத்தல் இயலாது, அவ்வளவே. திரவங்களை ஆராய்ந்த பௌதிக அறிஞர்களும் மூலக்கூறுகளை இவ்வாறே கற்பித்துப் பார்த்தனர். ஆனால் மணலைப்போல் அவை வாளா கிடப்பதில்லை. ஒன்றையொன்று கவராமல், ஓயாது ஓடி மோதித் திரும்பும் கடினமான உருண்டைகள் அவை. இதுவே ‘கடினக் கோள மாதிரி’ எனப்படுவது.

இவ்வுருண்டைகள் உறைந்து திண்மமாகுமா? கவர்ச்சியின்றி ஒழுங்கு எவ்வாறு பிறக்கும் என்று பலர் ஐயுற்றனர். 1957இல் அமெரிக்காவில் ஆல்டர், வெயின்ரைட் என்னும் இருவர், கணனியின் துணைகொண்டு உருண்டைகளின் மோதல்களை ஒவ்வொன்றாகக் கணித்தனர். நெருக்கம் ஓர் எல்லையைக் கடந்ததும் அவை தாமாகவே அணிவகுத்தன! மொத்தக் கனவளவில் ஏறக்குறைய 49 வீதத்தை நிரப்பும்வரை அவை பாயும். 55 வீதத்தை எட்டினாற் பளிங்காகும். இடையில் இருநிலையும் கலந்திருக்கும் என்பது இன்று தெளிவாகியுள்ளது.

காரணம் யாது? தாறுமாறாகக் கொட்டிய உருண்டைகள் சுமார் 64 வீதத்தை நிரப்பியதும் இறுகிவிடும். வரிசையாக அடுக்கினால் 74 வீதம்வரை இடங்கொள்ளும். ஆகவே, நெருக்கம் மிகுந்தவிடத்து, வரிசையில் நிற்கும் உருண்டைக்கே அசைந்தாட அதிக இடம் கிடைக்கின்றது. அசைவதற்கான வழிகள் எந்நிலையில் மிகுதியோ, அந்நிலையையே உருண்டைக் கூட்டம் அடைகின்றது.

சென்னையிற் பிறந்த டி. வி. இராமகிருஷ்ணன், எம். யூசுப்புடன் சேர்ந்து, திரவம் உறைவதை விளக்கும் கொள்கையொன்றை 1979இல் வெளியிட்டார். 1986இல் பியூசியும் வான் மேகனும், திரவத்தில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்திக்குத் துகள்கள் இவ்வாறே பளிங்காவதைப் பரிசோதனையிற் காட்டினர்.

இம்மாதிரிக்கும் எல்லை உண்டு. வாயு குளிர்ந்து திரவமாவதற்குக் கவர்ச்சி வேண்டும். அதனை இது விளக்காது. எனினும், அணிவகுப்பு என்றதும் கட்டளையிட்டவர் யார் என்று தேடும் நமக்கு, இடநெருக்கடியே போதும் என்று இவ்வுருண்டைகள் விடையிறுக்கின்றன.