பூட்டிய அறிவும் நம் காசும்

(கல்லாவியில் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கவிதை எழுதுகிறவன். வயித்துப் பிழைப்புக்கு வங்கியில் குமாஸ்தா. காசுக் கணக்கு இல்லாமல் எனக்குப் பேச வராது. இன்றைக்கு அறிவின் காசுக் கணக்கைப் பேசலாம்.

1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். விலையே பெயர். எல்லார் கைக்கும் போய்ச் சேரணும் என்கிற அரசியல் அது. அவர் 1914இல் மறைந்த பிறகு அந்த எழுத்தை நூல்களாக்கிக் காப்பாற்றியது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. இதோ, எல்லைக்கு அந்தப் பக்கம், கோலார் தங்கவயலில் நம்ம சனங்கள் நடத்திய சித்தார்த்த புத்தகசாலை. 1936இல் அண்ணல் அம்பேத்கரைப் பேச அழைத்த லாகூர்க்காரர்கள் பயந்துபோய்க் கூட்டத்தையே கைவிட்டார்கள். அவர் அந்த உரையைத் தன் செலவில் 1500 பிரதி அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்தது. தமிழிலும் வந்தது.

இன்றைக்கு என்ன நிலைமை? ஆய்விதழ்களை யாரும் இலவசமாகப் படிக்கணும் என்று 2002இல் புடாபெஸ்ட் அறிக்கையில் அறிவித்தார்கள். நல்லது. ஆனால் பெரிய பதிப்பு முதலாளிகள் அதையும் வியாபாரமாக்கிவிட்டார்கள். படிக்கிறவனிடம் வாங்கிய காசை எழுதுகிறவன் தலையில் கட்டினார்கள். 2021இல் 'நேச்சர்' இதழ் ஒரு கட்டுரைக்கு வைத்த கட்டணம் 9500 யூரோ. எட்டு லட்சத்துக்கும் மேல். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் 22 மாதம் சேர்த்தாலும் பத்தாது! இது உச்ச விலை, ஒத்துக்கிறேன். ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு கேட்டாலும் முதல் தலைமுறைப் பிள்ளை எங்கே போவான்? காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களிடம் மாட்டுவான்.

ஒன்றிய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6000 கோடி. 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரிப் பிள்ளைகள் படிக்கலாம், மறுக்கவில்லை. படிப்பு முடித்து ஒசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போனவனுக்கு? அவனுக்குக் கதவு இல்லை. திறந்த இதழ்களில் எழுதுவோருக்கு உதவ ஒதுக்கியது ஆண்டுக்கு 150 கோடி. படிக்கும் சந்தாவுக்கு ஆயிரக்கணக்கான கோடி, எழுதுகிறவனுக்கு 150 கோடி. அதிலும் சேரிப்பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டாமா?

பக்கத்து மாவட்டத்தில் 2012 நவம்பர் 7இல் நத்தம் காலனி எரிந்தது. எரிந்த வீட்டுக்காரங்க சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போகிற ஆய்வு, பூட்டுக்குள்ளே இருந்தால், சொன்ன சனமே அதைப் படிக்க முடியாது. "நீ எழுதினது தப்பு" என்று மறுத்துச் சொல்லவும் முடியாது. அறிவு அதிகாரம் என்பது இதுதான்.

மாற்று வழி இருக்கு. பிரேசிலில் சாவோ பாவ்லோ மாநில அரசின் ஆய்வு நிதியில் 1997இல் தொடங்கிய 'சையலோ', லத்தீன் அமெரிக்க இதழ்களை யாரும் காசில்லாமல் படிக்க வைத்திருக்கிறது. இங்கே ஏன் முடியாது?

நாம் கேட்கிறது மூன்று. அந்த 150 கோடியில் தலித், பழங்குடி ஆய்வாளர்களுக்குத் தனிப் பங்கு. எழுதுகிறவரிடமும் படிக்கிறவரிடமும் காசு வாங்காத தமிழ் ஆய்விதழ்களுக்கு நேரடி அரசு நிதி. ஊர்ப்புற நூலகத்திலும் அந்த 13,000 இதழ்களைத் திறந்து படிக்க வசதி. சோப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிற சனம் நாம். பிச்சை கேட்கவில்லை. இந்தக் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புவோம்.

ஜெய்பீம்.